அமலியின் தொட்டி

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மருத்துவமனைகள் சொல்லி அனுப்பியவர்களுக்காக மலைமேல் ஓர் இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் தவமணி. அங்கே வந்தவர்கள் யாரும் பிழைத்துத் திரும்பியதில்லை. யாரும் தனியாகக் கண்மூடியதும் இல்லை. இந்த இரண்டாவது மட்டும்தான் தன் கையில் இருக்கிறது என்று தவமணி நினைத்தார்.

அவருக்கு ஒரு சீடர் உண்டு. சீடர் என்றதும் மீசை முளைக்காத முகத்தை நினைக்க வேண்டாம். இருதயராஜுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தவமணி அவரைவிட ரொம்பச் சின்னவர். இருதயராஜ் அவரை 'அம்மா' என்பார். அவர் இவரை 'அண்ணே' என்பார். இரண்டும் மரியாதைக்குச் சொன்னது அல்ல, மனதில் இருந்து வந்தது.

இருதயராஜ் தன் ஒரே மகள் அமலியோடு அந்த இல்லத்துக்கு வந்தார். அமலியை அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்த அன்று உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போனார்கள். இவர் மட்டும் மலையிலேயே நின்றார்.

"என்னையும் இங்க சேத்துக்கங்கம்மா" என்றார்.

"என்ன கத்துக்கணும் அண்ணே?"

"தெரியலைம்மா."

"சரி. தொட்டிகளைப் பாத்துக்கங்க" என்றார் தவமணி.

தொட்டிகள் இருந்தது கண்ணாடி அறையில். பனி விழுந்தால் புல்லெல்லாம் கருகிப்போகும் ஊர் அது. அதனால் செடிகள் வீட்டுக்குள் வளர்ந்தன. கூரையும் சுவரும் கண்ணாடி. இடுப்பு உயரத்தில் மரத்தொட்டிகள், அவற்றுக்கு நடுவே கட்டில்கள். படுத்திருப்பவர் தலையைத் திருப்பினால் முகத்துக்கு நேரே ஓர் இலை இருக்கும். நாற்றம் பிடித்த போர்வையும் மருந்து வாடையுமாக வந்தவர்கள், அந்த அறையில் படுக்கவைத்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த அறையின் அருமை தெரியும்.

தொட்டியில் இருந்த மண் வெறும் மண் அல்ல. காட்டு இலை, சாணம், சமையலறைக் கழிவு எல்லாம் சேர்ந்து மக்கிய மண். அதற்குள் மண்புழு இருந்தது, வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடியது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிச் சிலந்திகள் திரிந்தன. ஒரு செடி பட்டுப்போனாலும் தவமணி மண்ணை மாற்ற மாட்டார். அதே மண்ணில் அடுத்ததை ஊன்றுவார். பூச்சிமருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே கட்டளை.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதைத் தொடங்கியவர் பேர்கூட இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அவன் தலைமாட்டில் பாதி குடித்து மீதி வைத்திருந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் பக்கத்துத் தொட்டியில் ஊற்றினாள். அடுத்த முறை வந்தபோதும் ஒரு டம்ளர் ஊற்றினாள். பார்த்தவர்கள் தாங்களும் ஊற்றினார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தொட்டி என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் நேரே கண்ணாடி அறைக்குப் போய், வாசலில் இருக்கும் தண்ணீர்ப் பானையில் மொண்டு, தங்கள் மனிதரின் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் வாய் திறந்து பேசுவார்கள்.

யாரும் வராத தொட்டிகளும் இருந்தன. அவற்றுக்கு இருதயராஜ் ஊற்றினார். ஞாயிறு மட்டும் அல்ல, தினமும் ஊற்றினார். வரும் ஆட்கள் ஊற்றியதற்கு மேலும் ஊற்றினார். அனாதையாக விட்டுவிட்டார்கள் என்று ஒரு செடியும் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அமலியின் தொட்டியில் மருச்செடி இருந்தது. வாசனைக்காக அவள் ஒரு கொத்து கிள்ளித் தலையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட செடி. அதற்கு ஊற்ற இருதயராஜ் தனி டம்ளர் வைத்திருந்தார். வேலைக்குப் போன முதல் மாதம் அமலியே வாங்கி, தன் பேரை வெட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர். அதில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சொல்லப்போனால் எதிலுமே நேரத்துக்குக் குடித்ததில்லை. செடிகளுக்கெல்லாம் ஊற்றி முடித்து, உதடு வெடித்த மனிதராக நடந்துகொண்டிருப்பார்.

மழைக்காலத்தில் பூச்சி வந்தது.

எள்ளில் பாதிகூட இருக்காது. கறுப்பாக, கொசு மாதிரி, ஆனால் கொசு போலக் கடிக்காது. மண்ணில் இருந்து கிளம்பும், மனிதர்களின் முகத்தைச் சுற்றும், கண்ணோரத்திலும் மூக்கிலும் உட்காரும். நடமாடுகிறவனுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கையை வீசினால் போய்விடும். கையை வீச முடியாதவர்கள் படுத்திருந்த அறை அது.

மாசிலாமணி அப்படிப்பட்டவர். மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொல் கேட்பதில்லை. அமலியின் தொட்டிக்குப் பக்கத்துக் கட்டில் அவருடையது. பூச்சி அவர் கண்ணோரத்தில் வரிசையாக உட்கார்ந்தது. இருதயராஜ் ஓடி வந்து துணியால் விரட்டினார். விரட்டிவிட்டு நகர்ந்ததும் மறுபடி உட்கார்ந்தது.

"விடு இருதயம்" என்றார் மாசிலாமணி. "என்னை மண்ணுன்னே முடிவு பண்ணிருச்சுங்க. கொஞ்சம் அவசரம், வேறென்ன."

அவர் சிரித்தார். இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதாமாதம் கீழே இருந்து வரும் டாக்டரம்மா மாசிலாமணியின் கண்ணை விரித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் சிவந்து பீளை கட்டியிருந்தது.

"அடுத்த தடவை நான் வர்றப்பவும் இந்தப் பூச்சி இருந்தா, கட்டிலையெல்லாம் உள் ரூமுக்கு மாத்திடணும் தவமணி. எனக்கும் மனசு வரலை. ஆனா கண்ணு போயிடும்."

அவர் சொன்னது நியாயம். தவமணி தலையாட்டினார்.

உள் அறையில் நாலு சுவரும் ஒரு டியூப் லைட்டும் இருந்தன. டாக்டரம்மா போன பிறகு மாசிலாமணி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"காலம் பூரா கண்ணாடி வழியாப் பாத்தே பிழைச்சவன் நான். கடைசியில சுவரைப் பாத்துட்டுச் சாகச் சொல்றாங்க. பாரு இருதயம், உன்னால ஆகுமான்னு."

இருதயராஜ் அன்றே வேலையைத் தொடங்கினார். மஞ்சள் அட்டைகளில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டிக்குத் தொட்டி நட்டார். அட்டை கறுப்பாகும் அளவுக்குப் பூச்சி ஒட்டியது. மறுநாள் புது அட்டையும் கறுத்தது. வேப்பெண்ணெயைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அடித்துக் கலக்கி இலைகளில் தெளித்தார். பூச்சி இலையிலா இருந்தது? வேப்பம் புண்ணாக்கை ஊறவைத்து அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றினார். இரண்டு நாள் குறைந்தது போல இருந்து, மறுபடி கிளம்பியது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்து ஒரு நாள் தெளித்தார். பூச்சிகள் பாட்டுக்குப் பறந்தன. மனிதர்கள்தான் இருமித் தள்ளினார்கள். மாசிலாமணிக்கு மூச்சு வாங்கி, தவமணி ஓடி வந்து அவரை நிமிர்த்திப் பிடிக்கும்படி ஆயிற்று.

"பூச்சியை விட்டுட்டு என்னைக் கொல்லப் பாத்தியே, பாவி" என்றார் மாசிலாமணி, மூச்சு வந்ததும்.

கடைசியில் இருதயராஜ் கடைவீதிக்குப் போய் ஒரு பாக்கெட்டோடு திரும்பினார். அதைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோகத் துணிச்சல் இல்லை. தவமணியின் முன்னால் வைத்தார்.

"இதை ஒரே ஒரு தடவை அடிச்சா சுத்தமாப் போயிடும்னு கடைக்காரர் சொன்னாரும்மா."

"மண்புழு?"

"அதுவும் போயிடும்தான்."

"அடிச்ச பிறகு மாசிலாமணி ஐயா எவ்வளவு நேரம் மூச்சு விடாம இருக்கணும்? அதைக் கேட்டீங்களா அண்ணே?"

இருதயராஜ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி இறங்கிப் போய், நனைந்து வந்தார்.

அவர் வந்தபோது தவமணி சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். வட்ட வட்டமாக, தடியாக. அவற்றை ஒரு தட்டில் வைத்து இருதயராஜிடம் நீட்டினார்.

"தொட்டிக்கு ஒண்ணு. மண்ணு மேல அழுத்தி வைங்க. நாளைக்குத் திருப்பிப் பாப்போம்."

மறுநாள் திருப்பிப் பார்த்தார்கள். வில்லைகளின் அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நூல் துண்டு போல உடம்பு, ஊசிமுனை போலக் கறுப்புத் தலை. பறப்பதெல்லாம் இதில் இருந்து வருவதுதான் என்று இருதயராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் இருந்தன. அமலியின் தொட்டியில் வில்லையே தெரியாத அளவுக்கு மொய்த்திருந்தன.

மூலையில் இருந்த ஒரு தொட்டியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அதில் ஓமவல்லி வளர்ந்திருந்தது.

இருதயராஜின் முகம் மலர்ந்தது. "வாசனைம்மா! ஓமவல்லி வாசனைக்குத்தான் அண்டலை."

தவமணி வில்லைகளைத் தட்டில் பொறுக்கிக்கொண்டு போனார்.

ஓமவல்லியைக் கிளை கிளையாக ஒடித்து எல்லாத் தொட்டிகளிலும் ஊன்றினார் இருதயராஜ். புதுக்கிளை வேர் பிடிக்க வேண்டுமே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். அறை முழுக்க ஓமவல்லி மணந்தது. அந்த மணத்துக்கு நடுவே பூச்சி முன்னைவிடப் பெருகியது.

அவர் நொந்துபோய் மூலைத் தொட்டியின் முன்னால் நின்றார். தவமணி பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல மட்டும் ஏம்மா இல்லை? இது யாரோட தொட்டி?"

"இன்னும் யாரோடதும் இல்லை. இனிமே வரப்போறவங்களுக்கு."

"இதுக்கு யாரு தண்ணி ஊத்தறது?"

"நான்தான். விரலை விட்டுப் பாருங்க."

இருதயராஜ் விரலை விட்டார். மேல் மண் பொலபொலவென்று இருந்தது. பாதி விரல் இறங்கிய பிறகு குளிர்ச்சி தட்டியது. விரலை எடுத்தபோது பழுப்பு நிறப் பொடிச் சிலந்தி ஒன்று நகத்தின் மேல் ஓடி மண்ணுக்குள் குதித்தது.

"அது அந்தப் புழுவைத் தின்னும்" என்றார் தவமணி. "சேத்துல அதால இருக்க முடியாது. மூச்சு முட்டிச் செத்துடும். இப்ப அமலி தொட்டியில விட்டுப் பாருங்க."

அவர் விட்டார். விரல் தடையில்லாமல் இறங்கியது. இழுத்தபோது சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். அழுகல் வாடை. மருச்செடியின் அடித்தண்டு கறுத்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

அந்தத் தண்டைத் தொட்டபடி கேட்டார்: "தண்ணியாம்மா?"

"தண்ணிதான்."

"நான் ஊத்தின தண்ணியா?"

"எல்லாரும் ஊத்தினது."

அவர் கையைக் கழுவப் போகவில்லை. அந்தச் சேற்றோடு போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிறு வந்தது. வாசலில் நின்று, வருகிறவர்களிடம் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லும்படி இருதயராஜிடம் சொல்லியிருந்தார் தவமணி. முதலில் வந்தவர் செங்கமலம். இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவர் கணவர் போன கோடையில் இந்த அறையில் இறந்தார். செங்கமலம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பானையில் மொண்டார்.

"அம்மா, இனிமே ஊத்த வேண்டாம்னு..." என்று இருதயராஜ் இழுத்தார்.

"எதை?"

"தண்ணியை. மண்ணு ஊறிப்போச்சு. பூச்சி வருது."

செங்கமலம் டம்ளரும் கையுமாக அவரை முறைத்தார்.

"கடைசி நாலு நாளு அவரு தண்ணி தண்ணின்னுதான் கேட்டாரு. விழுங்க முடியாது, புரையேறிடும், குடுக்காதீங்கன்னுட்டாங்க. பஞ்சுல நனைச்சு உதட்டைத் தொடைச்சேன். அவ்வளவுதான் குடுத்தேன். இப்ப ஊத்தறதையும் வேண்டாம்ங்கிறியா? நீ பெத்தவன்தானே, உனக்குத் தெரியாது?"

இருதயராஜ் தானே டம்ளரை வாங்கி, பானையில் இன்னும் கொஞ்சம் மொண்டு அவர் கையில் கொடுத்தார். அன்று வந்த எல்லோரும் ஊற்றினார்கள். அவர்கள் போன பிறகு அமலியின் டம்ளரை எடுத்து அவரும் ஊற்றினார். ஊற்றும்போது தப்பு என்று தெரிந்துதான் ஊற்றினார்.

மாலையில் தவமணியிடம் போய் நின்றார்.

"அந்தம்மா கொண்டுவந்தது அன்புதானேம்மா? நான் ஊத்தறதும் அதுதானே? அதுல எப்படிம்மா பூச்சி வரும்?"

தவமணி வெளியே, சுவர் பூச வாங்கி மிஞ்சிக் கிடந்த மணல் குவியலைக் காட்டினார்.

"அதைச் சலிச்சுக் கழுவி எடுத்துட்டு வாங்க அண்ணே."

இருதயராஜ் சலித்தார், கழுவினார். தவமணி அடுப்பில் பெரிய இரும்புச் சட்டியை ஏற்றி, மணலைப் போட்டு வறுத்தார். ஈரம் ஆவியாகிப் போய், கரண்டியில் இருந்து மணல் சரசரவென்று விழும் வரை வறுத்தார். கதவு திறந்திருந்ததால் கண்ணாடி அறை வரை வாசம் போயிற்று.

"மணல் வாசம் வருது, கடலை எங்கேப்பா?" என்று உள்ளே இருந்து மாசிலாமணி குரல் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு வாசலில் தண்ணீர்ப் பானை இல்லை. அந்த இடத்தில் ஒரு பித்தளை அண்டா, அது நிறைய ஆறிய மணல். இந்த முறை தவமணியே நின்றார்.

செங்கமலம் வந்தார். பானையைத் தேடினார். அண்டாவைப் பார்த்தார்.

"இது என்ன தாயி?"

"மணல்மா. ஒரு பிடி எடுத்து, மண்ணு மூடற மாதிரி மேல தூவுங்க. ஈரம் அடியில இருக்கும், மேல காஞ்சிருக்கும். பூச்சி இறங்கி முட்டை வைக்காது. அடியில இருக்கிறதும் மேல வராது."

செங்கமலம் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அள்ளிய கையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"எங்க பக்கத்துல பொம்பளைங்க இடுகாட்டுக்குப் போகக் கூடாது. வீட்டு வாசல்லயே நிறுத்திடுவாங்க. என் கொழுந்தனாருதான் போயி மண்ணு தள்ளுனாரு. நான் தூக்கிட்டுப் போறதைத்தான் பாத்தேன்."

தவமணி ஒதுங்கி வழிவிட்டார். செங்கமலம் கணவரின் தொட்டிக்குப் போய், பிடியை மெல்லத் தளர்த்தினார். மணல் இறங்கியது. அவர் வாய்விட்டு அழுதார். அத்தனை ஞாயிறுகளில் அவர் அங்கே அழுது யாரும் பார்த்ததில்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "போதுமா தாயி?"

"உங்களுக்குப் போதுமா?"

"இன்னொரு பிடி போட்டுக்கறேன்."

அன்று வந்தவர்கள் எல்லோரும் போட்டார்கள். ஆள் வராத தொட்டிகளுக்கு இருதயராஜ் போட்டார், ஒழுங்காக, விரல்கடை உயரத்துக்கு. அமலியின் தொட்டிக்கு வந்ததும் கையில் இருந்த மணலைத் திரும்ப அண்டாவிலேயே கொட்டிவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாளும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தண்ணீரும் ஊற்றவில்லை, மணலும் போடவில்லை. தவமணி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவும் அந்தத் தொட்டியைத் தொடவில்லை.

மற்ற தொட்டிகளில் பூச்சி அடங்கியது. ஈரமான மேல்மண் அந்த அறையில் இப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மிச்சப் பூச்சியெல்லாம் அங்கே கூடியது. அதற்குப் பக்கத்தில் மாசிலாமணியின் முகம் இருந்தது. அவருடைய ஒரு கண் திறக்க முடியாதபடி வீங்கிவிட்டது. டாக்டரம்மா வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இருதயம், இங்க உக்காரு" என்றார் மாசிலாமணி.

இருதயராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பூச்சியை விரட்டினார்.

"உம்பொண்ணு எனக்குத் தினம் பேப்பர் படிச்சுக் காட்டுவா. தனக்கே மூச்சு வாங்கும். அப்பவும் சினிமாச் செய்தியை விட மாட்டா." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "அவளை எடுத்துட்டுப் போனப்ப நான் இப்படியே கிடந்தேன். என்னை யாரு தூக்கிட்டுப் போவா? நீயாவது கூடவே போன."

"போனேன்" என்றார் இருதயராஜ். "ஃபாதர் மொதப் பிடி போட்டாரு. பெட்டி மேல விழுந்து சத்தம் கேட்டுச்சு. அடுத்து என் கையில குடுத்தாங்க. உள்ள எம்புள்ள படுத்திருக்கா, மேல நான் மண்ணைப் போடறதா? உதறிட்டு வந்துட்டேன் மாசிலாமணி. திரும்பிக்கூடப் பாக்கலை."

மாசிலாமணி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யவில்லை.

"அப்ப அவளுக்கு நான் போடலாமா? எனக்கும் அவ மேல உரிமை இருக்கு. கொஞ்சம் என் கையில வையி."

இருதயராஜ் எழுந்து போய் ஒரு பிடி மணலோடு வந்தார். மாசிலாமணியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். அந்த விரல்கள் மூடவில்லை. மணல் போர்வையில் சிந்தியது.

"பிடிச்சுக்கப்பா" என்றார் மாசிலாமணி. "எனக்குத்தான் பிடிக்க வராதே."

இருதயராஜ் மறுபடி அள்ளி வந்தார். மாசிலாமணியின் கையில் மணலை வைத்து, அதைத் தன் இரண்டு கையாலும் சேர்த்து மூடினார். மூடிய கையைத் தூக்கித் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தபடி, விரல்களைத் தளர்த்தினார்.

சத்தம் எதுவும் வரவில்லை. மணல் ஈர மண்ணில் விழுந்து அப்படியே அமர்ந்தது. மருச்செடி லேசாக ஆடி நின்றது.

மாசிலாமணியின் கையைப் பழையபடி போர்வையில் வைத்துவிட்டு, இருதயராஜ் தனியாக அண்டாவுக்குப் போனார். ஒரு பிடி கொண்டுவந்து போட்டார். திரும்பப் போனார். சேறு தெரிந்த இடமெல்லாம் மறையும் வரை போய்வந்தபடி இருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மாசிலாமணி தலையை மறுபுறம் திருப்பிக்கொண்டு கண்ணாடி வழியே மலையைப் பார்த்தார்.

டாக்டரம்மா வந்தபோது மருந்து போட்ட கண் திறந்துகொண்டிருந்தது. அவர் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தார். ஜன்னல் ஓரத்தில் ஒன்றிரண்டு பூச்சி தட்டுப்பட்டது. "இது பரவாயில்லை. கட்டிலெல்லாம் இங்கயே இருக்கட்டும்" என்றார். மாசிலாமணி அவருக்கு ஹாரன் அடிப்பது போல வாயால் ஓர் ஒலி எழுப்பிக் காட்டினார்.

மறுநாள் காலை இருதயராஜ் எழுந்ததும் கால் தன் பாட்டுக்குச் சமையலறைக்குப் போயிற்று. கை தன் பாட்டுக்கு அமலியின் டம்ளரை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் மொண்டது. கண்ணாடி அறைக்கு வந்து தொட்டியின் முன்னால் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. மருச்செடியின் கறுத்த தண்டுக்குப் பக்கத்தில், மணலை விலக்கிக்கொண்டு ஒரு புதுத் துளிர் வந்திருந்தது.

தவமணி கட்டில் ஒன்றில் போர்வை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் இருதயராஜ். "தண்ணியும் ஊத்தக் கூடாது. மணலும் போட்டாச்சு. இனிமே அவளுக்கு நான் என்னதான் செய்யறது?"

"தினமும் விரலை விட்டுப் பாருங்க. செடிக்குத் தாகமா இருந்தா ஊத்துங்க."

அவர் விரலை விட்டார். மணல் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே, அந்த மூலைத் தொட்டியில் உணர்ந்த அதே குளிர்ச்சி.

"ஈரம் இருக்கும்மா. இன்னைக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா விட்டுடுங்க."

இருதயராஜ் நகரவில்லை. டம்ளரைப் பார்த்தார். அதில் வெட்டியிருந்த பேரின் மேல் அவர் கட்டைவிரல் இருந்தது.

"அப்ப இந்தத் தண்ணியை?"

தவமணி போர்வையை மடித்து வைத்தார். நிமிர்ந்து, வெடித்துப்போன அவர் உதட்டைப் பார்த்தார்.

"நீங்க குடிங்க அண்ணே."